உயர்மலை முதல் விண்வெளி வரை: மனித உடல் எதற்கெல்லாம் பழகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை உச்சி, கடலின் ஆழம், பாலை, பனிக்கண்டம், விண்வெளி என்று மனிதர் எட்டிப் பார்க்காத இடம் குறைவு. அங்கெல்லாம் உடல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று யோசிப்பவர்களுக்கு எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். உடல் மிகவும் சிக்கனமானது. எலும்போ, தசையோ, இரத்தமோ, அன்றாடம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் வைத்துக்கொள்ளும். என்றைக்காவது பயன்படும் என்று கூடுதலாகச் சேர்த்து வைக்காது.

உடல் பழகுவதும் ஓர் இனம் தகவமைவதும் ஒன்றுதானா?

இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதிலிருந்துதான் பல தவறான செய்திகள் பிறக்கின்றன. எவ்வளவு காலம் எடுக்கிறது என்று பார்த்தால் வேறுபாடு புரியும். மூச்சை அடக்கி முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தியதும் இதயத்துடிப்பு குறைவது நொடிக்கணக்கு. வெயிலில் உழைக்கப் பழகுவது வாரக்கணக்கு. உயர்மலையில் வளரும் குழந்தையின் நுரையீரல் பெரிதாவது ஆண்டுக்கணக்கு. இவை எதிலும் மரபணு மாறுவதில்லை. ஒரு மக்கள்கூட்டத்தில் சிலரிடம் மட்டும் இருந்த மரபணு வகை, அதை உடையவர்கள் அதிகம் பிழைத்து அதிகம் பிள்ளைகள் பெற்றதால் எல்லோரிடமும் பரவுவதுதான் உயிரியல் சொல்லும் தகவமைப்பு. அதற்குப் பல தலைமுறைகள் ஆகும். இவற்றோடு உடை, நெருப்பு, வீடு, கருவி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனிதரைப் பொறுத்தவரை இவையே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன.

உயர்மலைக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவா?

விகிதம் மாறுவதில்லை. கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

அங்கே போனதும் உடல் என்ன செய்கிறது?

முதலில் வேகமாக மூச்சு வாங்கும், நாடி துடிக்கும். மூச்சு வேகமாவதால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. மூளை உடனே மூச்சைக் குறைக்கப் பார்க்கும். மலைமேல் முதல் சில இரவுகளில் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இந்த இழுபறியால்தான். சில நாட்களில் சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றிச் சமன் செய்துவிடும். அதே நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதால் சிவப்பணுக்களின் அடர்த்தி கூடும். சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனின் தூண்டுதலால் புதிய சிவப்பணுக்கள் பெருகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

இதை அவசரப்படுத்த வழியில்லை. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், ஒவ்வோர் இரவும் தூங்கும் இடத்தின் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒருநாள் தங்கி ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை அறிவுரை. தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். அப்போது தாமதிக்காமல் இறங்குவதுதான் சிகிச்சை. நல்ல உடற்கட்டு இதிலிருந்து காக்காது. வேகமாக ஏறிவிடும் வலுவுள்ள இளைஞர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

திபெத்தியர்களும் ஆண்டிஸ் மலைமக்களும் ஒரே வழியில்தான் பழகினார்களா?

வெவ்வேறு வழிகளில். எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த பகுதி இது.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வாழ்வோருக்கு மார்புக்கூடு அகலம், இரத்தத்தில் ஹீமோகுளோபின் அதிகம். குறைந்த ஆக்சிஜனைப் பிடித்துவைக்க இது உதவுகிறது. ஆனால் அளவு மீறினால் இரத்தம் கெட்டியாகி இதயம் திணறும். பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1920-களில் விவரித்த நாட்பட்ட மலைநோய் இதுதான்.

திபெத்தியர்களுக்கு 4,000 மீட்டர் உயரத்தில்கூட ஹீமோகுளோபின் கிட்டத்தட்டக் கடல்மட்ட அளவிலேயே இருக்கும். அவர்கள் உடல் இரத்தத்தைக் கெட்டியாக்காமல், மூச்சின் அளவையும் இரத்த ஓட்டத்தையும் கூட்டிச் சமாளிக்கிறது. இதன் பின்னால் ஈ.பி.ஏ.எஸ்.1 என்ற மரபணுவின் சிறப்பு வகை இருப்பது 2010-இல் தெரியவந்தது. அந்த வகை டெனிசோவர் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து கலப்பின் வழியே வந்தது என்று 2014-இல் கண்டறிந்தார்கள். பிறகு 2019-இல் இன்னொரு செய்தி வந்தது. திபெத்தியப் பீடபூமியில் 3,280 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு குகையில் துறவி ஒருவர் 1980-இல் கண்டெடுத்த தாடை எலும்பு, குறைந்தது 1,60,000 ஆண்டுகள் பழமையான டெனிசோவருடையது! நம் இனம் அங்கே காலடி வைப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த உயரத்தில் வாழ்ந்து பார்த்தவர்கள் விட்டுச்சென்ற சொத்து இன்றும் திபெத்தியர்களின் உடலில் ஓடுகிறது.

மனிதர் நிரந்தரமாக வாழும் மிக உயரமான ஊர் எது?

பெருவில் உள்ள லா ரின்கோனாடா என்ற தங்கச் சுரங்க ஊர். 5,100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே பலருக்கு மேலே சொன்ன மலைநோய் உண்டு. 8,000 மீட்டருக்கு மேல் யாரும் பழக முடியாது. 1978-இல் ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபலரும் ஆக்சிஜன் உருளை இல்லாமல் எவரெஸ்ட் ஏறிக் காட்டினார்கள் என்றாலும், அந்த உயரத்தில் உடல் மணிக்கு மணி தேய்ந்துகொண்டே போகும்.

கடலில் நெடுநேரம் மூழ்கும் மக்களுக்குத் தனி உடலமைப்பு உண்டா?

சிலருக்கு உண்டு, சிலருக்குப் பயிற்சி. மூன்று மக்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தெளிவாகும்.

தென்கிழக்கு ஆசியக் கடல்களில் வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், பக்கத்திலேயே நிலத்தில் வாழும் சலுவான் மக்களுடையதைவிடச் சுமார் 50 சதவீதம் பெரிது. மண்ணீரல் சுருங்கும்போது அதில் தேங்கியிருக்கும் சிவப்பணுக்கள் இரத்தத்தில் கலந்து கூடுதல் ஆக்சிஜன் தரும். கடலில் மூழ்கும் வழக்கமே இல்லாத பஜாவ் மக்களுக்கும் அது பெரிதாகவே இருந்தது. எனவே இது பயிற்சியால் வந்தது அல்ல. பி.டி.இ.10ஏ என்ற மரபணுவோடு இதற்குத் தொடர்பு இருப்பதாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அந்தமான் கடலோரத்து மோக்கன் குழந்தைகளுக்கு நீருக்கடியில் பார்வை மிகக் கூர்மை. கண்மணியை நன்றாகச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறார்கள். இதுவும் மரபணுதானோ என்று நினைத்தவர்களுக்கு வியப்பு காத்திருந்தது. ஸ்வீடன் நாட்டுக் குழந்தைகளுக்குச் சுமார் ஒரு மாதம் பயிற்சி கொடுத்ததும் அவர்களுக்கும் அதே திறன் வந்துவிட்டது.

மூன்றாவது, கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் ஹேன்யோ பெண்கள். மெல்லிய பருத்தி உடையோடு குளிர்காலத்திலும் கடலில் இறங்கிய காலத்தில், குளிர்மாதங்களில் அவர்கள் உடல் ஓய்வில் எரிக்கும் ஆற்றல் சுமார் 30 சதவீதம் கூடியது. 1970-களில் ரப்பர் நீச்சலுடை வந்தது. சில ஆண்டுகளில் அந்தத் திறன் முழுதாக மறைந்தது. தேவை போனதும் உடல் அதைக் கைவிட்டுவிட்டது. இந்த ஹேன்யோ கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விண்வெளிப் பகுதியில் உதவும்.

மூழ்கியவர் வேகமாக மேலே வந்தால் ஏன் ஆபத்து?

ஆழத்தில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் திசுக்களில் கரைகிறது. அழுத்தம் சட்டென்று குறைந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல அது குமிழியாகும். மூட்டில் குமிழி வந்தால் கடும் வலி. தண்டுவடத்தில் வந்தால் கைகால் செயலிழக்கும். விண்நடைக்குப் போகும் வீரருக்கும் இதே சிக்கல் உண்டு. விண்வெளி நிலையத்துக்குள் இருப்பது பூமியின் காற்றழுத்தம். அவர் அணியும் உடைக்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் வெளியேறும் முன் தூய ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனை உடலிலிருந்து கழுவி எடுக்கிறார்கள்.

குளிருக்கு உடல் பழகுமா?

கொஞ்சம்தான். தொடர்ந்து குளிரில் இருப்பவர்களுக்கு நடுக்கம் குறையும், வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு சுறுசுறுப்பாகும். கிரீன்லாந்தின் இனுயிட் மக்களிடம் கொழுப்பு மிகுந்த கடலுணவைச் செரித்துப் பயன்படுத்த உதவும் மரபணு வகைகள் பரவியிருப்பதை 2015-இல் கண்டார்கள். ஆனாலும் அவர்களைக் காத்தது முதன்மையாகக் கரிபூ மான்தோல் உடையும், அதைத் தைக்கத் தெரிந்த கைகளும்தான். அன்டார்க்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பதிவான மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸைத் தாங்க எந்த மரபணுவும் போதாது.

வெப்பத்துக்கு?

அதற்கு நாம் நன்றாகவே பழகுவோம். வியர்ப்பதில் மனிதரை மிஞ்சும் விலங்குகள் மிகக் குறைவு. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வெயிலில் வேலை செய்தால் வியர்வை முன்கூட்டியே தொடங்கும், அதிகமாகச் சுரக்கும், அதில் உப்பு குறையும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். குளிர்ந்த இடத்துக்குத் திரும்பினால் சில வாரங்களில் எல்லாம் கலைந்துவிடும்.

வெயிலில் வேலை செய்து இறப்பவர்களில் பலர் வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள் என்பது நெஞ்சை உறுத்தும் உண்மை. தடுக்கக்கூடிய இறப்புகள் இவை. புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வேலை நேரத்தில் 20 சதவீதம் மட்டும் வெயிலில் கொடுத்து, பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டினால் போதும்.

பழக்கத்துக்கும் எல்லை உண்டு. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், உடல் குளிராது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-இல் கணக்கிட்டார்கள். 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, ஈரக்காற்றில் சுமார் 31 டிகிரியிலேயே உடல் வெப்பம் கட்டுப்பாடின்றி ஏறத் தொடங்கியது. முதியவர்களுக்கு எல்லை இன்னும் கீழே.

நஞ்சுக்குக்கூட ஓர் இனம் பழகுமா?

பழகியிருக்கிறது. அர்ஜென்டினாவின் சான் அன்டோனியோ டி லாஸ் கோப்ரெஸ் ஊரின் குடிநீரில் ஆர்சனிக், உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவைப்போல் சுமார் 20 மடங்கு இருந்தது. அங்குள்ள மக்களிடம் ஆர்சனிக்கை விரைந்து மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றும் மரபணு வகை மிகுதி என்று 2015-இல் தெரிந்தது.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசையே இல்லையா?

இருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம். நிலையமும் உள்ளே இருப்பவர்களும் பூமியைச் சுற்றியபடி ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பதால் எடை தெரிவதில்லை.

அந்த எடையின்மைக்கு உடல் பழகுகிறதா, கெடுகிறதா?

பழகுகிறது. சிக்கலே அங்குதான் இருக்கிறது.

பூமியில் இதயம் மூளைக்கு இரத்தத்தை மேல்நோக்கித் தள்ள வேண்டும். எடையின்மையில் அந்த வேலை இல்லை. கால்களில் இருந்த நீர் மார்புக்கும் தலைக்கும் ஏறி, முகம் உப்பிக் கால் மெலிகிறது. உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று கணிக்கும் உறுப்புகள் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியைக் குறைத்துவிடுகின்றன. சிவப்பணுக்களும் தப்பவில்லை. பூமியில் நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் அழிந்து, அதே அளவு பிறக்கும். விண்வெளியில் நொடிக்குச் சுமார் 30 லட்சம் அழிவதை, ஆறு மாதம் தங்கிய 14 வீரர்களிடம் செய்து 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. உயர்மலையில் இரத்தத்தைப் பெருக்கிய அதே உடல் இங்கே அதைக் குறைக்கிறது.

எலும்பின் கதையும் இதுவே. நிற்கவும் நடக்கவும் தேவையில்லாத இடத்தில் இடுப்பெலும்பு எதற்கு? மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி குறைகிறது. கரைந்த கால்சியம் சிறுநீரில் போவதால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஹேன்யோ பெண்களின் குளிர்த்திறன் மறைந்ததற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

ஆகவே வீரர்கள் உடலிடம் "இது இன்னும் தேவை" என்று தினமும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நாளுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஓட்டம், மிதிவண்டி, வெற்றிட உருளைகளின் இழுவிசையில் இயங்கும் பளு தூக்கும் கருவி என்று பயிற்சி நடக்கும். 2008-இல் அந்தக் கருவி நிலையத்துக்கு வந்தபின் எலும்பிழப்பு வெகுவாகக் குறைந்தது.

கண்பார்வை மங்கும் என்பது உண்மையா?

உண்மை. நீண்ட காலம் தங்கியவர்களில் பலருக்குக் கண்விழியின் பின்புறம் தட்டையாகி, பார்வை நரம்பின் தலைப்பகுதி வீங்கியிருந்தது. தலைக்கு ஏறிய நீர் இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. கிட்டத்தில் உள்ளதைப் படிக்க மாற்றுக் கண்ணாடி எடுத்துச் செல்கிறார்கள்.

விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லியின் டி.என்.ஏ. 7 சதவீதம் மாறிவிட்டதாகப் படித்தேனே?

அது தவறாகப் பரவிய செய்தி. அப்படி மாறியிருந்தால் அவர் மனிதராகவே இருந்திருக்க மாட்டார். 2015-16-இல் 340 நாட்கள் நிலையத்தில் இருந்த அவரையும், பூமியில் இருந்த அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க் கெல்லியையும் நாசா ஒப்பிட்டது. விண்வெளியில் ஸ்காட்டின் மரபணுக்கள் பலவற்றின் செயல்பாடு கூடியும் குறைந்தும் மாறியது. திரும்பி ஆறு மாதம் ஆகியும் அந்த மாற்றங்களில் சுமார் 7 சதவீதம் பழைய நிலைக்கு வரவில்லை. மாறியது மரபணுவின் இயக்கம், எழுத்து அல்ல.

கதிர்வீச்சுக்கும் பழகிவிடலாமா?

முடியாது. உடல் பெறும் கதிர்வீச்சை மில்லி சீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். பூமியில் ஒருவருக்கு இயற்கையாகக் கிடைப்பது சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட். நாசாவின் ஆளில்லா க்யூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்தது நாளுக்குச் சுமார் 1.8 மில்லி சீவர்ட். போக வர ஆகும் பயணம் மட்டுமே சுமார் 660 ஆகும். நாசா ஒரு வீரரின் பணிக்காலம் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பு 600. இங்கே தடுப்புக் கவசமும் வேகமான பயணமும்தான் வழி.

உடையில்லாமல் விண்வெளியில் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

சுயநினைவு 10 முதல் 15 நொடி. 1966-இல் ஹூஸ்டனில் வெற்றிட அறைச் சோதனையின்போது ஜிம் லெப்ளாங்க் என்ற பொறியாளரின் உடையில் குழாய் கழன்றது. சுமார் 14 நொடியில் நினைவிழந்தார். நாக்கில் எச்சில் குமிழியிட்டதுதான் அவருக்குக் கடைசியாக நினைவில் இருந்தது. உடனே காற்று நிரப்பியதால் பிழைத்தார். 1971 ஜூன் 30 அன்று சோவியத் நாட்டின் சோயுஸ் 11 விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது ஒரு வால்வு திறந்துகொண்டது. டோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயேவ் மூவரும் இறந்தார்கள். அழுத்த உடை அணிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். அதன்பின் சோயுஸ் வீரர்கள் புறப்படும்போதும் இறங்கும்போதும் அந்த உடையை அணிவது கட்டாயமானது.

தனிமைக்கு மனம் பழகுமா?

இதை மிகக் குறைவாகவே பேசுகிறோம் என்பது என் வருத்தம். மாஸ்கோவில் 2010-11-இல் ஆறு பேரை 520 நாட்கள் மூடிய கலத்துக்குள் வைத்துச் செவ்வாய்ப் பயணத்தை ஒத்திகை பார்த்தார்கள். நாளாக நாளாக அவர்கள் அசைவது குறைந்தது, தூக்கமும் ஓய்வும் கூடியது. ஒருவரின் உடல் கடிகாரம் 25 மணி நேர நாளுக்கு நகர்ந்து, மற்றவர்கள் விழித்திருக்கும்போது அவர் தூங்கினார். அன்டார்க்டிகாவின் நொய்மேயர் நிலையத்தில் 14 மாதம் தங்கிய ஒன்பது பேரின் மூளையில், புதிய நினைவுகளைப் பதிக்க உதவும் ஒரு சிறு பகுதி சுமார் 7 சதவீதம் சுருங்கியிருந்ததாக 2019-இல் எழுதினார்கள். பயன்படாததை மூளையும் குறைத்துக்கொள்கிறது.

தனிமை இன்னொன்றையும் வெளிக்கொணரும். 1961 ஏப்ரல் 30 அன்று அன்டார்க்டிகாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் ஒரே மருத்துவராக இருந்த 27 வயது லியோனிட் ரோகசோவ், தன் குடல்வாலைத் தானே அறுவை செய்து அகற்றினார். ஒருவர் கண்ணாடி பிடிக்க, இன்னொருவர் கருவி எடுத்துக் கொடுக்க, பெரும்பகுதியைத் தொட்டுணர்ந்தே செய்தார். இரண்டு வாரத்தில் பணிக்குத் திரும்பினார்.

செவ்வாயில் சில தலைமுறைகள் வாழ்ந்தால் அதற்கேற்ற மனிதர் உருவாவார்களா?

கேட்கச் சுவையான கேள்வி. ஆனால் இயற்கைத் தேர்வு என்பது, பொருந்தாத குழந்தைகள் பிழைக்காமல் போவதால் நடப்பது. அதை ஒரு திட்டமாக யாரும் விரும்பக்கூடாது. செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் 38 சதவீதம். அதுபோன்ற குறை ஈர்ப்பில் மனிதர் தங்கிய மிக நீண்ட காலம் நிலவில் அப்போலோ 17 வீரர்கள் கழித்த சுமார் மூன்று நாட்கள்தான். குழந்தை பெறுவதைப் பற்றிப் பேச இது மிக மிகச் சீக்கிரம்.

பூமிக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில். ரஷ்ய வீரர் வலேரி பொல்யாகோவ் 1995-இல் மிர் என்ற ரஷ்ய விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து 437 நாட்கள் இருந்துவிட்டு இறங்கியபோது, கலத்திலிருந்து நாற்காலிவரை தானே நடந்தார். செவ்வாயில் இறங்குபவரும் வேலை செய்ய முடியும் என்று காட்டவே அப்படிச் செய்தார். ரோகசோவைப்போல அவரும் ஒரு மருத்துவர். தலைசுற்றலும் தள்ளாட்டமும் பெரும்பாலும் நாட்களில் தணியும். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் நாட்களில் மீளும், சிவப்பணுக்களின் எண்ணிக்கைக்குச் சில மாதங்கள் ஆகும்.

எலும்புதான் நெடுங்கணக்கு. 17 வீரர்களைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியான ஆய்வில், திரும்பி ஓராண்டு ஆகியும் ஒன்பது பேரின் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு முழுதாக மீளவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவர்களுக்கு மீட்சி இன்னும் குறைவு. அதே குழுவில், பூமியில் பளு தூக்கியதைவிட விண்வெளியில் அதிகம் தூக்கியவர்களின் எலும்பு மற்றவர்களுடையதைவிட நன்றாகவே தேறியிருந்தது.